இருபத்தெட்டு லிட்டர்

பொப்ராட் ரயிலடிக்கு எதிர்க்கடை.
என்ன நிறம் வேண்டும் என்று கேட்பாள் என நினைத்துப் போனேன்.
"கழுத்தைக் குனியுங்கள்" என்றாள் அந்தப் பெண்.

குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பு ஒன்று உண்டு,
அதில் விரல் வைத்தாள்.
இன்னொரு விரல் இடுப்பெலும்பின் விளிம்பில்.
நடுவே நாடா ஓடியது.
நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
தையல்காரிகூட மார்பையும் இடையையும்தான் அளந்திருக்கிறாள்.
என் முதுகின் நீளம்
ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

பழைய பையைக் காட்டினேன்.
சூப்பர்மார்க்கெட்டில் முப்பது முத்திரை ஒட்டி வாங்கியது.
ஆறு வருஷமாக
மருந்துக்கடைக்குப் போகையில் சாப்பாடு, குடை, மாற்றுச் செருப்பு;
சனிக்கிழமையானால் மழைக்கோட்டு, தெர்மாஸ்.
தோள்வலிக்கு என் கடைத் தைலத்தையே
தள்ளுபடியில் வாங்கித் தேய்த்தேன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"இதை நீங்கள் சுமக்கவில்லை, இது உங்கள்மேல் தொங்குகிறது."

ஆணியில் ஒரு நீலப் பை.
போட்டுக்கொண்டேன்.
கண்ணாடியில் பத்து வயது குறைந்தது.
"கூரையைப் பாருங்கள்" என்றாள்.
பார்த்தேன், பையின் உச்சி மண்டையில் இடித்தது.
அண்ணாந்து பார்க்க விடாத பையை
மலைக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?
நீலம் ஆணிக்கே திரும்பியது.
எனக்கு இன்னமும் அதன்மேல் ஒரு கண்தான்.

அடுத்து வந்தது கடுகு மஞ்சள் என்றாள்.
எனக்கென்னவோ காமாலை மஞ்சள்.
மணல் மூட்டை மூன்று உள்ளே போட்டாள், ஏழு கிலோ.
முதலில் இடுப்பு வார்.
வயிற்றில் அல்ல, எலும்பின்மேல் உட்காரவேண்டும்.
பிறகு தோள் வார்.
பிறகு மார்புக் கொக்கி, மூச்சுக்கு இடம் விட்டு.
கடைசியாக, தோளுக்கு மேலே ஒரு குட்டி நாடா.
இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.
இழுத்தாள்.

பாரம் தோளைவிட்டு நழுவி
இடுப்பில் போய் உட்கார்ந்தது.
நடுவழியில் சுமைதாங்கிக் கல் கிடைத்தாற்போல.
அந்தக் கல் என்னோடுதான் பிறந்திருக்கிறது.
நான்தான் ஒருநாளும் அதில் எதையும் இறக்கவில்லை.

கிடங்குப் படிகளில் ஏறி இறங்கச் சொன்னாள்,
பன்னிரண்டு தடவை.
கூடாரம் பார்க்க வந்தவர் என்னையே பார்த்தார்.
"உன் பை எது?" என்று கேட்டேன்.
"பை இல்லை. மரச்சட்டம்."
கோடையில் மலைவிடுதிக்குச் சரக்கு சுமக்கிறாளாம்.
கேஸ் உருளை, மாவு, பீர்ப் பீப்பாய்.
நாற்பது கிலோ, சில நாள் கூடவும்.
சொல்லிவிட்டு விலைச்சீட்டைத் தேடப் போனாள்.
சட்டையில் குத்தியிருந்த பெயர்: ஜோஃப்கா.

திங்கட்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்தால்
முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.
கடையில் சட்டென்று திரும்பினேன்,
இருமல் மருந்து அடுக்கு சரிந்தது. மூன்று பாட்டில்.
"அதற்குள் மலையேறிவிட்டாயா?" என்றாள் பெட்ரொனேலா,
துடைப்பத்தை என்னிடம் நீட்டி.
அன்றாடத்துக்குக் கொஞ்சம் பெரிது,
மலைக்குக் கொஞ்சம் சிறிது.
ஒரே பையில் இரண்டையும் கேட்டால் இப்படித்தான்.

சனிக்கிழமை.
பைன் மரங்கள் முடிந்து கல்வழி தொடங்குமிடத்தில்
பின்னால் ஒரு சீரான மூச்சு.
ஒதுங்கினேன்.
ஜோஃப்கா.
தலைக்கு மேலும் உயர்ந்து நின்றன சட்டத்தில் கட்டிய பெட்டிகள்.
என்னைத் தெரிந்ததோ இல்லையோ,
கடக்கும்போது கை மட்டும் நீண்டது.
குட்டி நாடாவில் ஓர் இழுப்பு.
"தளர்ந்திருக்கிறது."
நிற்கவில்லை.

அண்ணாந்து பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை.
மேல் வளைவில் பெட்டிகள் மட்டும் தெரிந்தன.
உச்சிப் பெட்டியில் பருப்பு என்று எழுதியிருந்தது.
மத்தியானம் விடுதியில் நான் குடிக்கப்போகிற சூப்
எனக்கு முன்னால், அவள் முதுகில்
ஏறிக்கொண்டிருந்தது.